பாலத்துக்கு அந்தப் பக்கம் செல்லாத பர்மிட்

இன்னைக்கு எபிசோடை ஒரு கார் பயணத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி நான் அமெரிக்காவுல பிலடெல்பியா போயிருந்தேன். காலேஜ் ஃப்ரெண்ட் வீட்டுல தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஆத்துக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சில இருக்குற செர்ரி ஹில்ல எங்க எல்லாருக்கும் விருந்து. ஃப்ரெண்டோட ஆபீஸ்ல வேலை பார்க்குற ஒரு அமெரிக்கர்தான் வண்டி ஓட்டினார். ஐம்பது வயசு இருக்கும். ரொம்ப மெதுவா, மரியாதையா பேசுற ஆள். தூரத்துல பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பாலம் தெரிஞ்சதும் சட்டுனு வண்டியை ஓரம் கட்டினார். இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். "மன்னிச்சிடுங்க, ஒரு தடவை வீட்டுக்குப் போயிட்டு வந்துடலாம்"னார்.

வீட்டுல அடுப்பை அணைக்க மறந்துட்டார் போலன்னு நான் நினைச்சேன். போன பிறகுதான் விஷயம் தெரிஞ்சது. அவர் சட்டைக்குள்ள ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. பென்சில்வேனியா மாநிலம் கொடுத்த பர்மிட்டோட, முழுக்க சட்டப்படி. அந்தப் பாலம் ஏறக்குறைய மூணு கிலோமீட்டர் நீளம். அதுல பாதி தாண்டினா நியூ ஜெர்சி. அங்க அதே துப்பாக்கி, அதே மனுஷன், அதே பர்மிட், ஆனா பல வருஷம் ஜெயில்.

விருந்துக்கு முக்கால் மணி நேரம் லேட்டா போனோம். எனக்கு அன்னைக்கு சாப்பாட்டை விட இந்தக் கேள்விதான் தொண்டையில நின்னுச்சு. ஒரே நாடு, ஒரே அரசியல் சாசனம். சென்னையில எடுத்த டிரைவிங் லைசென்ஸ் பெங்களூர்ல செல்லுது. அமெரிக்காவுலயும் டெக்சாஸ் லைசென்ஸ் நியூயார்க்ல செல்லுது. துப்பாக்கி பர்மிட் மட்டும் ஏன் ஒரு ஆத்தைத் தாண்ட முடியல?

இந்தக் கேள்விக்குப் பின்னாடி 200 வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கு. போய்ப் பார்க்கலாம்.

பயணிக்கு விலக்கு

முதல்ல ஒரு தப்பான எண்ணத்தைச் சரி பண்ணிடறேன். அமெரிக்காவுல ஆரம்ப காலத்துல துப்பாக்கிக்குக் கட்டுப்பாடே இல்ல, எல்லாம் இந்த நூற்றாண்டுல வந்த சட்டம்னு நிறைய பேர் நினைக்கிறோம். கௌபாய் படம் பார்த்து வளர்ந்த மூளை அது. உண்மையில 1813லயே கென்டக்கி மாநிலம் ஒரு சட்டம் போட்டுச்சு. பாக்கெட் பிஸ்டல், குத்துவாள், கைத்தடிக்குள்ள ஒளிச்சு வெச்ச வாள், இதையெல்லாம் மறைச்சு எடுத்துட்டுப் போனா குறைஞ்சது 100 டாலர் அபராதம். அந்தக் காலத்துல 100 டாலர்ங்கிறது ரொம்பப் பெரிய தொகை. அதே வருஷம் லூசியானாவும் இதே மாதிரி சட்டம் கொண்டு வந்தது.

கவனிங்க, தடை மறைச்சு எடுத்துட்டுப் போறதுக்குத்தான். வெளியில தெரியுற மாதிரி இடுப்புல துப்பாக்கி வெச்சிருந்தா பெரும்பாலான இடத்துல யாரும் கேட்கல. அன்னைக்கு இருந்த மனநிலை இதுதான்: நேர்மையான ஆள் வெளிப்படையா வெச்சிருப்பான், கோழையும் கொலைகாரனும்தான் சட்டைக்குள்ள ஒளிப்பான். இன்னைக்கு அமெரிக்க நகரங்கள்ல இது அப்படியே தலைகீழ். வெளியில தெரிஞ்சா பக்கத்துல இருக்கவங்க பதறுவாங்க, அதனால உள்ளே வெச்சுக்கோங்கன்னு சொல்றாங்க.

ஆனா அந்தக் கென்டக்கி சட்டத்துல என்னை ரொம்ப யோசிக்க வெச்சது வேற ஒரு வரி. பயணத்துல இருக்கும்போது தவிர, அப்படின்னு ஒரு விலக்கு கொடுத்திருந்தாங்க. அதாவது உள்ளூர்ல சந்தைக்கும் சர்ச்சுக்கும் போறவன் ஆயுதத்தை மறைச்சு வெச்சிருந்தா தப்பு. நீண்ட தூரம் போற வழிப்போக்கன் வெச்சிருந்தா தப்பில்ல. காட்டு வழி, கொள்ளைக்காரங்க, ராத்திரி தங்க சத்திரம் கிடைக்குமோ கிடைக்காதோ. அவனுக்குத் தற்காப்பு தேவைன்னு சட்டமே ஒத்துக்கிச்சு. அப்புறம் டென்னசி, ஆர்கன்சா, 1871ல டெக்சாஸ்னு பல மாநிலங்கள் இதே விலக்கைத் தங்கள் சட்டத்துல எழுதினாங்க.

அப்ப யாருய்யா பயணி? டெக்சாஸ் நீதிமன்றங்கள் இந்த ஒரு கேள்வியை வெச்சுக்கிட்டு நூறு வருஷத்துக்கு மேல மல்லுக்கட்டினாங்க. பக்கத்து ஊருக்குப் போனா பயணியா? ராத்திரி தங்கினாத்தான் பயணியா? போற வழியில கடையில நின்னு அரட்டை அடிச்சா பயணம் முடிஞ்சுடுச்சா? கேட்க சிரிப்பா இருக்கும். ஆனா இந்தச் சண்டைக்கு அடியில ஒரு அழகான எண்ணம் இருந்தது. வெளியூர்க்காரன் பாவம், அவனுக்குக் கொஞ்சம் விட்டுக் கொடுங்க.

இதை மனசுல வெச்சுக்கோங்க. ஏன்னா நம்ம கதையில அடுத்த நூறு வருஷத்துல நடக்குறது இதுக்கு நேர் எதிர். வெளியூர்க்காரன்தான் மாட்டிக்கப் போறான்.

பர்மிட்னு ஒண்ணு வந்த கதை

இதுவரைக்கும் நாம பார்த்தது தடையும் விலக்கும். அரசாங்கத்துக்கிட்ட போய் அனுமதி கேட்டு, ஒரு அட்டை வாங்கிட்டு வர்ற முறை எப்படி வந்தது? அதோட ஆரம்பம் அவ்வளவு நல்லா இல்ல.

1865. உள்நாட்டுப் போர் முடிஞ்சு, அடிமை முறை ஒழிஞ்ச வருஷம். மிசிசிப்பி மாநிலம் உடனே ஒரு சட்டம் போட்டுச்சு. விடுதலையான கறுப்பின மக்கள் துப்பாக்கி வெச்சிருக்கணும்னா உள்ளூர் கவுண்டி நிர்வாகத்துக்கிட்ட லைசென்ஸ் வாங்கணும். வெள்ளைக்காரங்களுக்கு அந்தத் தேவை கிடையாது. லைசென்ஸ் கொடுக்குற நாற்காலியில உட்கார்ந்திருந்தது யாருன்னு நான் சொல்லத் தேவையில்ல.

அடுத்து 1911, நியூயார்க். அந்த ஜனவரில டேவிட் கிரஹாம் பிலிப்ஸ்ங்கிற நாவலாசிரியரை கிராமர்சி பார்க் பக்கத்துல பட்டப்பகல்ல ஒருத்தன் சுட்டுக் கொன்னான். நகரமே கொந்தளிச்சது. டிம் சல்லிவன்னு ஒரு அரசியல்வாதி, ஊர்ல எல்லாரும் 'பிக் டிம்'னு கூப்பிடுற பெரிய புள்ளி, ஒரு சட்டம் கொண்டு வந்தார். அதுக்கு அவர் பேரே நிலைச்சிடுச்சு: சல்லிவன் சட்டம். கைத்துப்பாக்கி வெச்சுக்க லைசென்ஸ் வேணும். லைசென்ஸ் இல்லாம மறைச்சு எடுத்துட்டுப் போனா கடுமையான குற்றம். 1913ல இன்னொரு திருத்தம். மறைச்சு எடுத்துட்டுப் போக அனுமதி வேணும்னா தகுந்த காரணம் காட்டணும்.

தகுந்த காரணம்னா என்ன? அதை முடிவு பண்றது அதிகாரி. இத்தாலியில இருந்து கப்பல்ல வந்து இறங்கின தொழிலாளிக்குக் காரணம் கிடையாது, பணக்கார வியாபாரிக்குக் காரணம் உண்டு. அந்தச் சட்டத்துல ஆரம்பத்துல மாட்டினவங்கள்ல நிறைய பேர் இத்தாலியக் குடியேறிகள்.

இன்னொரு சம்பவம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். 1956 ஜனவரி 30. அலபாமா மாநிலம் மாண்ட்காமரி. பஸ் புறக்கணிப்புப் போராட்டம் உச்சத்துல இருக்கு. மார்ட்டின் லூதர் கிங் வீட்டு மேல குண்டு வீசினாங்க. உள்ள அவர் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தாங்க. யாருக்கும் அடிபடல. அதுக்கப்புறம் கிங் மறைச்சு எடுத்துட்டுப் போற துப்பாக்கி பர்மிட்டுக்கு விண்ணப்பிச்சார். ஆமா, அஹிம்சைக்காக நாம கொண்டாடுற அதே கிங். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வீட்டு வாசல்லயே குண்டு வெடிச்சவருக்கே காரணம் போதலைன்னா வேற யாருக்குப் போதும்?

இந்த மாதிரி, அதிகாரி மனசு வெச்சாத்தான் பர்மிட் கிடைக்கும்ங்கிற முறைக்கு அங்க 'மே இஷ்யூ'ன்னு பேர். கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். இதுக்கு எதிர் முறை 'ஷால் இஷ்யூ'. வயசு இருக்கு, பெரிய குற்றப் பின்னணி இல்ல, சட்டம் கேட்குற நிபந்தனை எல்லாம் சரியா இருக்கா? அப்ப அதிகாரிக்குப் பிடிக்குதோ இல்லையோ, கொடுத்தே ஆகணும். 1961ல வாஷிங்டன் மாநிலம் இந்த வழிக்கு வந்துச்சு. ஆனா நாட்டையே திருப்பினது 1987ல ஃப்ளோரிடா போட்ட சட்டம். அதுக்கப்புறம் ஒவ்வொரு மாநிலமா வரிசையில நின்னாங்க.

இதுக்கு நடுவுல வெர்மான்ட்னு ஒரு சின்ன மாநிலம் எப்பவுமே பர்மிட் கேட்டதே இல்ல. 1903ல ஒரு ஊர் நிர்வாகம் அனுமதி வாங்கணும்னு விதி போட்டப்போ, மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லாதுன்னு சொல்லிடுச்சு.

ஆக, 1990கள்ல படம் இப்படி இருக்கு. ஒரு மாநிலத்துல பர்மிட்டே வேணாம். பக்கத்துல கேட்டா கொடுப்பாங்க. அதுக்கும் பக்கத்துல கெஞ்சினாலும் கிடைக்காது. எல்லை மட்டும் ரோட்டுல ஒரு போர்டு.

தபால்ல வந்த பர்மிட்

கேட்டவங்களுக்கெல்லாம் பர்மிட் கொடுத்தாச்சு. இப்ப அவங்க கார் எடுத்துட்டு அடுத்த மாநிலம் போறாங்க. என்ன பண்றது? மாநிலங்கள் தங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணாங்க. உன் பர்மிட்டை நான் மதிக்கிறேன், என் பர்மிட்டை நீ மதி. பரஸ்பர அங்கீகாரம். கேட்க நியாயமாத்தான் இருக்கு.

ஆனா இதுல ஒரு சந்து இருந்தது. ஃப்ளோரிடா, யூட்டா மாதிரி சில மாநிலங்கள் தங்கள் ஊர்ல குடியிருக்காதவங்களுக்கும் பர்மிட் கொடுத்தாங்க. ஃப்ளோரிடாவுல கால் வைக்கத் தேவையில்ல. கைரேகை, பயிற்சி முடிச்ச சான்று, கட்டணம், எல்லாத்தையும் தபால்ல அனுப்பினா பர்மிட்டும் தபால்ல வரும். அனுப்புறது யாருன்னு கேட்டா நம்ப மாட்டீங்க. ஃப்ளோரிடாவோட வேளாண்மைத் துறை. ஆரஞ்சுத் தோட்டத்தைப் பார்த்துக்குற அதே துறை.

இப்ப மறுபடியும் பிலடெல்பியாவுக்கு வருவோம். பென்சில்வேனியா 1989லயே ஷால் இஷ்யூவுக்கு மாறிடுச்சு. பிலடெல்பியாவுக்கு மட்டும் 1995 வரைக்கும் விலக்கு. பெரிய நகரம், துப்பாக்கிச் சாவு அதிகம், அதனால. 1995க்கு அப்புறமும் சட்டத்துல ஒரு பிடி இருந்தது. விண்ணப்பிக்கிறவரோட நடத்தையும் ஊர்ல அவருக்கு இருக்குற பேரும் பார்த்து, இவரால பொதுமக்களுக்கு ஆபத்து வரலாம்னு தோணினா போலீஸ் மறுக்கலாம். குற்றம் நிரூபணம் ஆகியிருக்கணும்னு கட்டாயம் இல்ல. பிலடெல்பியா போலீஸ் அந்தப் பிடியை நல்லா இறுக்கிப் பிடிச்சாங்க.

மறுக்கப்பட்டவங்க என்ன பண்ணாங்க? ஃப்ளோரிடாவுக்குத் தபால் போட்டாங்க. 2001ல பென்சில்வேனியாவுக்கும் ஃப்ளோரிடாவுக்கும் ஒப்பந்தம் ஆகியிருந்தது. அதனால, சொந்த ஊர் போலீஸ் உனக்குத் தர மாட்டேன்னு சொன்ன ஆள், ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்குற, அவர் முகத்தையே பார்க்காத ஒரு அலுவலகம் அனுப்பின அட்டையோட அதே ஊர்த் தெருவுல சட்டப்படி நடந்தார். அமெரிக்கப் பத்திரிகைகள் இதுக்கு 'ஃப்ளோரிடா ஓட்டை'ன்னு பேர் வெச்சாங்க.

இது வெறும் காகித விளையாட்டா இருந்திருந்தா நான் இந்த எபிசோடே பண்ணியிருக்க மாட்டேன். 2010ல பிலடெல்பியாவுல ஒருத்தர், தன் காரை உடைக்க வந்ததா நினைச்சு 18 வயசுப் பையனைச் சுட்டுக் கொன்னார். அவரோட உள்ளூர் பர்மிட்டை போலீஸ் ஏற்கனவே பறிச்சிருந்தாங்க. அவர் கையில இருந்தது ஃப்ளோரிடா பர்மிட். அந்தப் பையன் எந்தத் தப்பு பண்ண வந்திருந்தாலும், அதுக்கு மரண தண்டனை கிடையாது.

2012ல கேத்லீன் கேன் பென்சில்வேனியா அட்டர்னி ஜெனரல் தேர்தல்ல நின்னப்போ இந்த ஓட்டையை அடைப்பேன்னு சொன்னாங்க. ஜெயிச்சாங்க. 2013 பிப்ரவரில ஒப்பந்தத்தைத் திருத்தினாங்க. அதுக்கப்புறம் ஃப்ளோரிடா பர்மிட் பென்சில்வேனியாவுல செல்லணும்னா, வெச்சிருக்கவர் ஃப்ளோரிடாவுல குடியிருக்கணும்.

அடுத்தவங்க சரிபார்த்ததை நம்பலாமாங்கிற கேள்வி அதோட முடியல. 2018ல ஃப்ளோரிடா பத்திரிகை ஒண்ணு ஒரு விஷயத்தை வெளியில கொண்டு வந்தது. அந்த வேளாண்மைத் துறையில, தேசியப் பின்னணி சரிபார்ப்பு கணினிக்குள்ள நுழைய வேண்டிய ஒரு ஊழியர், லாகின் ஆகலைன்னு ஒரு வருஷத்துக்கு மேல அந்த வேலையைச் செய்யவே இல்ல. கண்டுபிடிச்ச பிறகு 291 பர்மிட்டை ரத்து பண்ணாங்க. அந்த லாகின் பிரச்சனை ஃப்ளோரிடாவோட முடியுற பிரச்சனை கிடையாது. ஃப்ளோரிடா பர்மிட்டை மதிச்ச ஒவ்வொரு மாநிலத்தோட பிரச்சனையும்தான். பரஸ்பர அங்கீகாரம்னு நாம சொல்றது என்னன்னா, ஒரு ஆளை நம்பலாமாங்கிற முடிவை இன்னொரு ஊர்ல இருந்து கடன் வாங்குறது. கொடுத்தவன் சரியா பார்க்கலைன்னா, நஷ்டம் வாங்கினவனுக்கு.

ஆத்துக்கு அந்தப் பக்கம்

அப்ப எல்லா மாநிலமும் கதவைச் சாத்திட்டா சரியாயிடுமா? அதோட விலை என்னன்னு பார்க்கலாம். ஓட்டையை அடைச்ச அதே 2013. அதே பிலடெல்பியா.

அக்டோபர் மாசம். 27 வயசுப் பெண். ரெண்டு குழந்தைகளைத் தனியா வளர்க்குறாங்க. ரெண்டு தடவை வழிப்பறிக்கு ஆளானவங்க. அதனால பயிற்சி எடுத்து, பென்சில்வேனியா பர்மிட் வாங்கி, கைத்துப்பாக்கி வாங்கினாங்க. ஊரை ஏமாத்தி வாங்கின பர்மிட் இல்ல. சொந்த மாநிலம் முறைப்படி கொடுத்தது. நியூ ஜெர்சில அட்லான்டிக் சிட்டி எக்ஸ்பிரஸ்வேல போறாங்க. லேன் மாறினதுல தப்புன்னு போலீஸ் வண்டியை நிறுத்துது. அவங்களே போலீஸ்காரர்கிட்ட சொல்றாங்க: என்கிட்ட துப்பாக்கி இருக்கு, இதோ பர்மிட்.

நேர்மையா சொன்னதுதான் அவங்களுக்கு வினையா போச்சு. நியூ ஜெர்சி வேற எந்த மாநில பர்மிட்டையும் மதிக்கிறதில்ல. அங்கயே கைது. ஏறக்குறைய 40 நாள் ஜெயில். நிரூபணமானா குறைஞ்சது மூன்றரை வருஷம் உள்ள இருக்கணும். நீதிபதி பாவம்னு நினைச்சாக்கூட குறைக்க முடியாத மாதிரி, துப்பாக்கி வன்முறையை ஒழிக்கணும்னு கொண்டு வந்த சட்டம் அது.

முதல் தடவை தப்பு பண்றவங்களுக்கு வழக்கு நடத்தாம, கண்காணிப்புல வெச்சுத் திருத்தி அனுப்புற ஒரு திட்டம் அங்க உண்டு. அரசு வழக்கறிஞர் முதல்ல அதை இவங்களுக்குக் கொடுக்க மறுத்தார். அதே கவுண்டில, அதே காலகட்டத்துல, லிஃப்டுக்குள்ள தன் வருங்கால மனைவியை அடிச்சு மயங்க வெச்ச ஒரு பிரபல விளையாட்டு வீரருக்கு அந்தத் திட்டம் கிடைச்சது. ஜனங்க ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தாங்க. சத்தம் பெருசாச்சு. 2014 செப்டம்பர்ல மாநில அட்டர்னி ஜெனரல், இந்த மாதிரி வெளிமாநிலத்தவங்க வழக்கை எப்படிப் பார்க்கணும்னு புது விளக்கம் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கும் அந்தத் திட்டம் கிடைச்சது. 2015 ஏப்ரல்ல ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி முழு மன்னிப்பு வழங்கினார்.

40 நாளை யாரும் திருப்பிக் கொடுக்கல.

1813ல கென்டக்கி என்ன சொல்லிச்சு, ஞாபகம் இருக்கா? வழிப்போக்கனா, போகட்டும் விடு. 2013ல சரியா 200 வருஷம் கழிச்சு, வழிப்போக்கரா வந்ததாலதான் அந்தப் பெண் உள்ள போனாங்க. பழைய விலக்கோட ஒரு சின்னத் துண்டு மட்டும் 1986ல வந்த மத்திய சட்டத்துல இருக்கு. துப்பாக்கி சட்டப்படி செல்லுற ஒரு மாநிலத்துல இருந்து இன்னொண்ணுக்குப் போறப்போ நடுவுல இருக்குற மாநிலங்களைக் கடக்கலாம். ஆனா குண்டு போட்டிருக்கக் கூடாது, கைக்கு எட்டாத இடத்துல இருக்கணும். டிக்கி இல்லாத வண்டின்னா பூட்டின பெட்டியில வைக்கணும். செர்ரி ஹில்லுக்கு விருந்துக்குப் போறவருக்கு அது உதவாது. நியூ ஜெர்சி அவருக்கு நடு வழி கிடையாது, போய்ச் சேர்ற இடம். அதனாலதான் எங்க டிரைவர் வீட்டுக்குத் திரும்பினார்.

டிரைவிங் லைசென்ஸ் மாதிரி ஏன் இல்ல?

சரி, மத்திய அரசே ஒரு சட்டம் போட்டு எல்லா பர்மிட்டும் எல்லா இடத்துலயும் செல்லும்னு சொல்லிடலாமே? முயற்சி பண்ணாங்க. 2004ல போலீஸ்காரங்களுக்கும் தகுதியுள்ள ஓய்வுபெற்ற போலீஸ்காரங்களுக்கும் நாடு முழுக்க அந்த உரிமையைக் கொடுத்தாங்க. சாதாரண மக்களுக்கும் கொடுக்கணும்னு 2009ல செனட்ல ஒரு தீர்மானம். 58க்கு 39. 60 ஓட்டு வேணும், ரெண்டு குறைஞ்சது. 2017 டிசம்பர்ல மக்கள் பிரதிநிதிகள் சபையில 231க்கு 198னு நிறைவேறிடுச்சு. லாஸ் வேகஸ்ல அந்தக் கொடூரமான துப்பாக்கிச்சூடு நடந்து ரெண்டு மாசம்தான் ஆகியிருந்தது. செனட் அதை எடுத்துக்கவே இல்ல. 2025 ஜனவரில மறுபடியும் தாக்கல் பண்ணியிருக்காங்க.

ஆதரிக்கிறவங்க கேட்குற முதல் கேள்வி நான் கேட்ட அதே கேள்வி. டிரைவிங் லைசென்ஸ் செல்லுதே? அதுக்கு ஒரு பதில் இருக்கு. டிரைவிங் லைசென்ஸ் எல்லா இடத்துலயும் செல்றது அரசியல் சாசனம் சொன்னதால கிடையாது. மாநிலங்கள் ஒவ்வொண்ணும் தானா சட்டம் போட்டு ஒத்துக்கிட்டதால. அவங்களால ஒத்துக்க முடிஞ்சதுக்குக் காரணம், எல்லா ஊர்லயும் கண் பரிசோதனை, எழுத்துத் தேர்வு, வண்டி ஓட்டிக் காட்டுறதுன்னு தேர்வு ஏறக்குறைய ஒண்ணுதான். துப்பாக்கியில அப்படி இல்ல. ஒரு மாநிலம் சுட்டுக் காட்டச் சொல்லும். இன்னொரு மாநிலம் ஒரு வகுப்புல உட்கார்ந்தா போதும்னு சொல்லும். 2024 கணக்குப்படி 29 மாநிலங்கள்ல மறைச்சு எடுத்துட்டுப் போக பர்மிட்டே தேவையில்ல. எல்லாம் எல்லா இடத்துலயும் செல்லும்னா, இருக்குறதுலயே தளர்வான விதிதான் நாட்டுக்கே விதியாகும்னு எதிர்க்கிறவங்க சொல்றாங்க.

எதிர்க்கிறவங்களுக்கும் ஒரு கேள்வி இருக்கு. கடுமையான விதி வெச்ச மாநிலங்கள் அதை எல்லாருக்கும் ஒரே மாதிரி வெச்சாங்களா? 2022 ஜூன்ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 3ன்னு தீர்ப்பு சொல்லி, நியூயார்க்கோட அந்தத் 'தகுந்த காரணம்' விதியைத் தூக்கிப் போட்டது. 1913ல வந்த விதி, 109 வருஷம் கழிச்சுப் போச்சு. அந்த வழக்குல நியூயார்க்குக்கு எதிரா மனு போட்டவங்கள்ல, ஏழைகளுக்காக வாதாடுற கறுப்பின அரசு வழக்கறிஞர்கள் அமைப்பும் உண்டு. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வழக்குல தினமும் சிக்குறது எங்க கட்சிக்காரங்கதான், பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள்னு அவங்க சொன்னாங்க. துப்பாக்கி பிடிக்காத, தாராளவாத வக்கீல்களே அந்தப் பக்கம் நின்னதைப் பார்த்து நிறைய பேர் ஆச்சரியப்பட்டாங்க. கிங்கோட விண்ணப்பத்தைத் தெரிஞ்சவங்க ஆச்சரியப்படல.

ஆனா அந்தத் தீர்ப்புக்கு அப்புறமும் எல்லை அப்படியேதான் இருக்கு. நியூயார்க், நியூ ஜெர்சி, கலிபோர்னியா இன்னைக்கும் வேற மாநில பர்மிட்டை மதிக்கிறதில்ல. பர்மிட்டை மறுக்க ஆசைப்பட்டபடி முடியாதுன்னுதான் நீதிமன்றம் சொல்லியிருக்கு. பக்கத்து ஊர் பர்மிட்டை ஏத்துக்கோன்னு சொல்லல.

கடைசியா

நான் துப்பாக்கி ஆதரவாளன் கிடையாது. வீட்டுல சாமி படத்துக்குப் பக்கத்துல வீச்சரிவாள் மாட்டினாலே தூக்கம் வராத ஆள். இந்த எபிசோடுக்காகப் படிக்க ஆரம்பிச்சப்போ, கடுமையான மாநிலம் நல்லது, தளர்வான மாநிலம் கெட்டதுன்னு ரொம்ப சுலபமா முடிச்சிடலாம்னு நினைச்சேன். முடிக்க முடியல. பிலடெல்பியாவோட அந்த ரெண்டு பேர் விடல.

ஒரு பக்கம் 18 வயசுப் பையன். அவனைத் தெரிஞ்ச ஊர் சொன்ன 'வேண்டாம்'ங்கிற வார்த்தையை, தூரத்து ஊர் அனுப்பின ஒரு அட்டை செல்லாததாக்கிடுச்சு. இன்னொரு பக்கம் 27 வயசு அம்மா. அவங்களைத் தெரிஞ்ச ஊர் சொன்ன 'சரி'ங்கிற வார்த்தையை ஒரு பாலம் செல்லாததாக்கிடுச்சு. எல்லா பர்மிட்டும் செல்லும்னு சொன்னா முதல் கதை திரும்ப நடக்கும். எதுவும் செல்லாது, குறைஞ்சபட்ச தண்டனை கட்டாயம்னு சொன்னா ரெண்டாவது கதை திரும்ப நடக்கும். ஆனா ரெண்டாவதுக்காவது ஒரு எளிய மருந்து இருக்குன்னு எனக்குத் தோணுது. பர்மிட்டை மதிக்காத மாநிலமா இருந்தாலும், எல்லை தெரியாம நேர்மையா வந்து மாட்டினவங்களையும் கொலைக்குத் துப்பாக்கி தூக்கினவங்களையும் பிரிச்சுப் பார்க்க நீதிபதிக்கு இடம் கொடுக்கலாம். நியூ ஜெர்சியே 2014ல அதைக் கொஞ்சம் செஞ்சு காட்டியிருக்கு. 1813ல கென்டக்கிக்காரங்களுக்கும் அந்த வித்தியாசம் தெரிஞ்சிருந்தது.

அன்னைக்கு விருந்து முடிஞ்சு திரும்பி வர்றப்போ, பாலத்து மேல எங்க டிரைவர்கிட்ட கேட்டேன், மறந்துபோய் ஒரு நாள் தாண்டிட்டா என்ன பண்ணுவீங்கன்னு. "அதை நினைச்சுத்தான் ஒவ்வொரு தடவையும் இடுப்பைத் தொட்டுப் பார்க்குறேன்"னார். கீழ டெலவேர் ஆறு இருட்டுல ஓடிட்டு இருந்தது. பென்சில்வேனியா எங்க ஆரம்பிக்குதுன்னு நானும் எட்டி எட்டிப் பார்த்தேன், தெரியல.

இதைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.